கைப்பையில் ஒரு கத்தி

கேள்வி: அம்மா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். ஆய்வக வேலை முடிந்து திரும்புவதற்குள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. பாதையில் பாதித் தூரத்துக்கு விளக்கு இல்லை. சென்ற மாதம் எங்கள் விடுதித் தோழி ஒருத்தியை யாரோ ஒருவன் வாசல் வரை பின்தொடர்ந்து வந்துவிட்டான். அன்றிலிருந்து விடுதியில் இதே பேச்சு. எங்கள் தளத்தில் உள்ள ஒன்பது பேரில் ஆறு பேர், பையில் ஏதாவது ஓர் ஆயுதம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறார்கள். என் அறைத்தோழி மடக்குக்கத்தி வாங்கிவிட்டாள். எனக்கும் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். "உன்னைக் காப்பாற்ற வேறு யார் வருவார்கள்?" என்று அவள் கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதற்கிடையில், முன்பு நட்பாகப் பழகிய சீனியர் ஒருவர் நூலக வாசலில் அடிக்கடி நிற்பதும், வேண்டாம் என்று சொன்ன பிறகும் குறுஞ்செய்தி அனுப்புவதும் வேறு எரிச்சலாக இருக்கிறது. வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். நான் கத்தி வைத்துக்கொள்வது தவறா?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்:

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரவில் தனியாக நடக்கும்போது பின்னால் கேட்கும் காலடிச் சத்தத்துக்கு நெஞ்சு படபடத்தால், உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள். ஆகவே, 'பயப்படாதே' என்று உனக்கு நான் சொல்லப்போவதில்லை. கத்தியைப் பற்றி நினைத்ததற்காக உன்னையோ, அதை வாங்கிவிட்டதற்காக உன் அறைத்தோழியையோ குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. பாதையில் விளக்குப் போட வேண்டியவர்களும் வாசலில் காவல் வைக்க வேண்டியவர்களும் செய்யத் தவறியதைத்தான் நீங்கள் உங்கள் கைப்பைக்குள் தேடுகிறீர்கள். நீ தவறா சரியா என்று கேட்கிறாய். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்தக் கத்தி உன்னைக் காக்குமா என்பது. காக்காது என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கத்தியை நீ எடுக்க வேண்டிய நேரத்தை மனத்தில் கொண்டுவந்து பார். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் ட்யூலர், 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஓடி வருகிற ஒருவர் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார் என்றும், பயிற்சி பெற்ற காவலர் ஒருவர் இடுப்பிலுள்ள துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது என்றும் காட்டினார். ஆயுதம் இடுப்பிலேயே இருக்கிறது, கைக்குப் பழக்கம் இருக்கிறது, எதிரி வருவதும் கண்ணுக்குத் தெரிகிறது. அப்போதும் காவலருக்கே அது இழுபறியாகத்தான் முடிகிறது. உன் கத்தியோ புத்தகங்களுக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் அடியில் கிடக்கும். அதைத் தேடி எடுத்து மடிப்பை விரிப்பதற்கு நிதானமான விரல்கள் வேண்டும். கடும் அச்சம் வரும்போது முதலில் நம்மைக் கைவிடுவது அந்த விரல்களின் நுணுக்கம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றை உன் தோழிகள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கத்தி, கைக்கெட்டும் தூரத்தில் மட்டுமே பயன்படக்கூடிய ஆயுதம். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் உன்னைத் தாக்க வருகிறவனை நீ அவ்வளவு அருகில் வர விட வேண்டும், அல்லது நீயே அவனை நெருங்க வேண்டும். உனக்கு வேண்டியதோ தூரம். ஓட வேண்டிய விநாடியில் உன்னை நிற்க வைக்கிற பொருளைத் தற்காப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் உன்னைவிட வலுவானவனாக இருந்து உன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டால், அதுவரை அவன் கையில் இல்லாத ஆயுதமும் அவன் கைக்குப் போய்விடும்.

இனி, அந்தக் கத்தியின் மற்ற நேரங்களைப் பார். நீ ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு நடப்பது ஒரு நாளில் பத்து நிமிடமாக இருக்கலாம். எஞ்சிய நேரமெல்லாம் கத்தி உங்கள் அறையில்தான் இருக்கும். தேர்வுக் கவலையும் தூக்கமின்மையும் நட்புப் பிணக்குகளும் நிறைந்த அறை அது. நான் சில ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்திருக்கிறேன். வெளியாள் ஒருவனை எதிர்த்து மாணவி ஒருத்தி கத்தியை எடுத்ததை அந்த ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆனால் இரண்டு தோழிகளுக்கு நடுவே நடந்த அற்பச் சண்டையில், 'பாதுகாப்புக்காக' வாங்கி வைத்த கத்தி மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வந்த ஓர் இரவை நான் மறக்கவில்லை. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் அந்த இருவரும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. ஒருத்தி அந்தப் பருவத்தோடு கல்லூரியை விட்டும் போய்விட்டாள்.

ஆயுதம் அருகில் இருப்பதே மனத்தை மாற்றிவிடுமா என்பது பழைய கேள்வி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் பெர்க்கோவிட்ஸ், அந்தோணி லெபேஜ் என்ற இரு உளவியலாளர்கள் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே கோபமூட்டப்பட்ட மாணவர்கள், மேசையில் துப்பாக்கிகள் கிடந்தபோது, இறகுப்பந்து மட்டைகள் கிடந்தபோது கொடுத்ததைவிட அதிகமான மின்னதிர்ச்சிகளை, ஆய்வின் பகுதியாக, தங்களைக் கோபமூட்டியவருக்குக் கொடுத்தார்கள். பின்னால் நடந்த மறு ஆய்வுகள் எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என்றாலும், ஆயுதம் யார் கையில் அதிகம் இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலை குறையவில்லை. அமெரிக்காவில் 119 கல்லூரிகளைச் சேர்ந்த 10,000-க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளிவந்த ஆய்வில், கல்லூரியில் துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 4.3 சதவீதம், அளவுக்கு மீறிக் குடிப்பவர்களிடத்தில்தான் அந்த விகிதம் கூடுதலாக இருந்தது. அந்த நாட்டில் துப்பாக்கியால் நேரும் இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பதையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மனம் உடைந்திருக்கும் ஓர் இரவைக் கடந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளக்கூடிய வயது உங்களுடையது. அந்த இரவில் கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் எதுவும் இல்லாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

ஒன்பது பேரில் ஆறு பேர் சொன்னார்கள் என்பதற்காக நீ தடுமாற வேண்டாம். ஆயுதத்தைப் பற்றி மாணவர்கள் எண்ணுவது எங்கும் அப்படியே இல்லை. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றபோது, எங்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் தடுத்திருப்போம் என்று ஒரு பகுதி மாணவர்கள் இயக்கமாகத் திரண்டார்கள். டெக்சாஸ் மாநிலத்தில், உரிமம் பெற்றவர்கள் அரசுப் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்லலாம் என்ற சட்டம் 2016 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்ற நாளின் ஐம்பதாவது ஆண்டு நிறைவும் அதே நாள்தான். ஆனால் வர்ஜீனியா டெக் நிகழ்வுக்குப் பிறகும், அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் 15 அரசுப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடம் எடுக்கப்பட்டு 2013-இல் வெளிவந்த கருத்தாய்வில், நூற்றுக்கு 78 பேர் வளாகத்தில் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவருவதை ஆதரிக்கவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆயுதத்தை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் கையில் அது இருப்பதையே கற்பனை செய்கிறார்கள். உன் தளத்துத் தோழிகளிடம் இதையும் கேட்டுப் பார்: ஆண்கள் விடுதியில் உள்ள ஒவ்வொருவரும் நாளை முதல் தற்காப்புக்காகப் பையில் கத்தி வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், உங்களுக்கு நிம்மதி கூடுமா, குறையுமா? என்ன விடை வரும் என்பது உனக்கே தெரியும். நம் கத்தி மற்றவர்களுக்கு எப்படித் தோன்றும் என்பதற்கும் அதே விடைதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிப்புக்காக நாடு மாறுகிற பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டனின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைத் தவிர வேறு கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் நான்கு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பொதுவான தற்காப்பு என்பதை அங்கே தக்க காரணமாக வழக்கமாக ஏற்பதில்லை. பெப்பர் ஸ்ப்ரேகூட அந்நாட்டில் தடைசெய்யப்பட்ட ஆயுதம். மனிதர்மீது அடிப்பதற்கென்று செய்யப்பட்ட ஸ்ப்ரே கனடாவிலும் அப்படியே. அதே பொருள் வேறு பல நாடுகளில் கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகிறது. நாட்டுச் சட்டம் அனுமதித்தாலும் கல்லூரியின் விதி அனுமதிக்காமல் போகலாம். உன் விடுதிச் சேர்க்கைப் படிவத்தில் நீ கையொப்பமிட்ட நிபந்தனைகளை எடுத்துப் படித்துவிடு, உன் அறைத்தோழியையும் படிக்கச் சொல்.

உன் நாட்டுச் சட்டமும் கல்லூரி விதியும் இடம் கொடுத்தால், பெப்பர் ஸ்ப்ரேயை நான் எதிர்க்க மாட்டேன். கத்தியைப் போலன்றி, அது எட்ட நின்றே பயன்படுத்தி ஓடுவதற்கு இடம் தரும். ஆனால் பைக்குள் கிடக்கும் ஸ்ப்ரேயால் எந்தப் பயனும் இல்லை. இருட்டுப் பாதையில் கால் வைக்கும்போதே அது கையில் இருக்க வேண்டும். எதிர்க்காற்றில் அடித்தால் உன் கண்ணுக்கே வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பார்த்திருக்க வேண்டும். அடித்த பிறகு என்ன ஆயிற்று என்று நின்று பார்க்காமல் ஓடிவிட வேண்டும்.

இவ்வளவும் முகம் தெரியாதவனைப் பற்றி. மகளே, உன் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி வேறு. யாரோ ஒருவனைப் பற்றி இத்தனை வரிகள் எழுதிய நீ, நூலக வாசலில் நிற்கிற சீனியரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி, அதையும் எரிச்சல் என்ற சொல்லோடு முடித்துவிட்டாய். வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்கிற செய்திகள், நீ வரும் நேரம் தெரிந்து நிற்கிற ஆள். இதன் பெயர் பின்தொடர்தல். பல நாடுகளில் இது தனிக் குற்றம். மாணவிகளுக்கு நேரும் பாலியல் வன்முறையில் பெரும்பங்கு முன்பே அறிமுகமானவர்களால்தான் நேர்கிறது. பையில் இருக்கும் கத்தி அங்கே பயன்படவே படாது, ஏனென்றால் பழகியவர் எதிரே வரும்போது நம் மனம் 'ஆபத்து' என்ற சொல்லையே ஏற்க மறுக்கிறது. முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம், மரியாதையாக நடந்துகொள்வோம் என்றே எண்ணுகிறது.

இந்த இடத்தில்தான் உண்மையில் பயன் தந்த ஒரு பயிற்சியைச் சொல்ல விரும்புகிறேன். கனடாவில் சார்லீன் சென் என்ற உளவியலாளரின் தலைமையில், மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாமாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குத் தகவல் கையேடுகள் மட்டும் கிடைத்தன. மற்றொரு பிரிவினருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி தரப்பட்டது: தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தின் அறிகுறிகளை அடையாளம் காண்பது, அதை ஒப்புக்கொள்ள விடாமல் தடுக்கும் மனத்தயக்கத்தைத் தாண்டுவது, உரத்த குரலிலும் உடலாலும் எதிர்ப்பது. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, கையேடு பெற்றவர்களில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 9.8 சதவீதம்; பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். அந்தப் பயிற்சியில் யார் கையிலும் ஆயுதம் கொடுக்கப்படவில்லை. "உன்னைக் காப்பாற்ற யார் வருவார்கள்?" என்று உன் தோழி கேட்டதற்கு இதை ஒரு விடையாகச் சொல். குரலும் உடம்பும் உன்னுடையவையே, அவற்றைப் பழக்கிக்கொள்ள முடியும். இத்தகைய தற்காப்பு வகுப்பு ஒன்றைப் பெண்கள் பிரிவின் வழியாக உங்கள் கல்லூரியில் கேட்டுப் பெறுங்கள்.

அந்தச் சீனியருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பு: "இனி எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம், எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்." விளக்கமும் மன்னிப்பும் அதில் வேண்டாம். அதற்கு வரும் பதிலுக்கு நீ பதில் எழுதாதே. பழைய செய்திகள் எதையும் அழிக்காமல் படமெடுத்து, நம்பகமான ஒருவரிடம் ஒரு நகல் கொடுத்துவை. அவர் நின்ற நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள். பிறகு அந்தத் தாளோடு உன் காப்பாளரிடம் போ, தனியாகப் போகாதே. பின்தொடர்ந்து வந்தவனைப் பற்றியும் விளக்கில்லாத பாதையைப் பற்றியும் ஒன்பது பேரும் கையொப்பமிட்டு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகார் மறக்கப்பட்டுவிடும். தேதியும் கையொப்பமும் உள்ள தாளுக்கு ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். விளக்கு வரும்வரை, ஆய்வகம் முடியும் நேரத்தை உங்களுக்குள் ஒத்துப்போகும்படி வைத்துக்கொண்டு மூன்று பேராகத் திரும்புங்கள்.

வீட்டில் சொல்ல நீ அஞ்சுவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் இதெல்லாம் நடந்த பிறகு வேறொருவர் வாயிலாக அவர்கள் கேள்விப்பட்டால்தான் படிப்புக்கு உண்மையில் ஆபத்து. மனுவைக் கொடுத்த பிறகு, 'இப்படி ஒரு தொல்லை இருந்தது, காப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்' என்று அம்மாவிடம் சொல். பிரச்சினையை நீயே கையாளத் தொடங்கிவிட்டாய் என்று தெரிந்தால் அவர்கள் பதற்றமும் குறையும்.

உன் அறைத்தோழியிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடு. அவளைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு கொடுக்காதே, அவளும் பயந்திருக்கிறாள். மனுவில் முதல் கையொப்பம் அவளுடையதாக இருக்கட்டும். காப்பாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. பத்து நாளில் பதில் வராவிட்டாலும் எழுது. அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று பார்ப்போம்.