வளாக நடைபாதையில் மரத்தைச் சுற்றிப் பேவர் பிளாக் ஏன் தூக்கிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

ரோலர் ஓட்டி மண் இறுகிவிட்டால், வேருக்குக் காற்றும் ஈரமும் கிடைப்பது கல்லுக்கு அடியிலுள்ள மணல் படுகையில்தான். அங்கேயே படர்ந்து பருக்கிறது, கல் எழும்புகிறது. பலரும் அந்த வேரை வெட்டிவிட்டுக் கல்லைத் திரும்பப் பதிக்கிறார்கள். பெரிய தப்பு. பிடிமானம் போன மரம் பலத்த காற்றில் சாயும்.

அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது 1 மீட்டருக்குக் கல்லை எடுத்துவிடுங்கள். டெல்லி மரங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் சொன்னதும் இதே அளவுதான். திறந்த மண்ணில் 5 முதல் 7 செ.மீ. சருகு மூடாக்கு போதும். தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். விளிம்புக் கல் நடைபாதை மட்டத்திலேயே இருக்கட்டும், உயர்த்தினால் மழைநீர் உள்ளே இறங்காது. உட்கார மேடை கேட்பார்கள். அதற்காக அடிமரத்தில் மண் நிரப்பாமல் பெஞ்சை மரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள்.