ஸ்டாட் ரோல் கணக்கு: கேட்டதும் சொன்னதும்

(வீடியோ கேம்களில் பலம், வேகம் போன்ற திறன் எண்கள்தான் ஸ்டாட். அவை குலுக்கலில் விழுவது ரோல்.)

கேள்வி: ஒரு ஐட்டம் விழற வாய்ப்பு, அதாவது டிராப் ரேட், 1%. அப்போ 100 தடவை அடிச்சா கண்டிப்பா வந்துடணும்தானே?

பதில்: அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. "வருமா" என்று கணக்குப் போடாமல் "ஒரு தடவைகூட வராமல் போகுமா" என்று போடுங்கள், சுலபமாக முடியும். ஒரு முயற்சி வீணாகும் வாய்ப்பு 0.99. அதை நூறு முறை பெருக்கினால் 0.366. ஆக, நூறு தடவை அடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெறுங்கைதான். பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 69 முயற்சி, 90 சதவீதத்துக்கு 230, 99 சதவீதத்துக்கு 459. சராசரி 100 என்பது சரியான எண்தான், ஆனால் அதை அந்த உயரத்துக்கு இழுப்பது 300, 400 வரை மாட்டிக்கொண்டவர்கள். திட்டம் போட உதவுவது 230.

கேள்வி: ப்ரோ, அதே 1%, ஆனா 100வது தடவை கேரண்டி இருக்கு. சராசரி எவ்வளவு?

பதில்: 63.4. கணக்கு: (1 − 0.366) ÷ 0.01. இடையில் கிடைத்ததும் முயற்சிகளை எண்ணும் கவுண்டர் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்று வைத்துத்தான் இந்த எண். கேரண்டியை நெருங்க நெருங்க ரேட் ஏறும் ஆட்டங்களுக்கு இது பொருந்தாது. அங்கே எக்செல்லில் முயற்சிக்கு ஒரு வரி போட்டு, "இதுவரை வராத வாய்ப்பு" என்ற பத்தியை முழுக்கக் கூட்டினால் சராசரி வந்துவிடும்.

கேள்வி: போக்கிமான் கோ கேம்ல மூணு ஸ்டாட்டும் 15 வர என்ன சான்ஸ்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எண் சொல்றாங்க.

பதில்: எல்லோரும் சரியாகச் சொல்லியிருக்கலாம், பிடித்த இடம்தான் வேறு. ஒரு ஸ்டாட் 0 முதல் 15 வரை, 16 மதிப்புகள். காட்டில் சாதாரணமாகப் பிடித்தால் 16 × 16 × 16, அதாவது 4096-இல் ஒன்று. வானிலை பூஸ்ட் இருந்தால் 4-க்குக் கீழே விழாது. மிச்சம் 12 மதிப்புகள், 1728-இல் ஒன்று. ரெய்டில் (கூட்டுச் சண்டையில்) குறைந்தபட்சம் 10, எனவே 216-இல் ஒன்று. லக்கி டிரேடில் (அதிர்ஷ்டப் பரிமாற்றத்தில்) 12, வெறும் 64-இல் ஒன்று. அடித்தளம் கொஞ்சம் உயர்ந்தாலே மூன்று ஸ்டாட்டிலும் பெருகிப் பலன் தருகிறது.

போக்கிமான் முதன்மை வரிசையின் பிற்கால ஆட்டங்களில் ஆறு ஸ்டாட், ஒவ்வொன்றும் 0 முதல் 31. ஆறும் 31 தானாக அமைய 107 கோடிக்கும் மேலான எண்ணில் ஒன்று. 2013-இல் வந்த எக்ஸ், ஒய் முதல் டெஸ்டினி நாட் என்ற ஐட்டத்தைப் பெற்றோரில் ஒன்றுக்கு மாட்டி முட்டை எடுத்தால் ஐந்து ஸ்டாட் பெற்றோரிடமிருந்து இறங்கும். பெற்றோர் இருவருக்கும் ஆறும் 31 என்றால் குலுக்கலுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று: 32-இல் ஒன்று.

கேள்வி: ஒரு ஐட்டத்துல ரெண்டு ஸ்டாட் வரி வரும், ஒரே வரி திரும்ப வராது. வெயிட் டேபிள்ல (எடை கூடினா வாய்ப்பு கூடும்) பலம் 50, கிரிட் (எப்போதாவது விழற பலத்த அடி) 30, வேகம் 20. கிரிட்டும் வேகமும் சேர்ந்து வர 2 × 0.3 × 0.2 = 12%னு போட்டேன். என் டேட்டாவுல அதைவிட ஜாஸ்தியா வருது.

பதில்: டேட்டாதான் சரி. முதல் வரி விழுந்ததும் அது டேபிளை விட்டு வெளியேறுகிறது, மொத்த வெயிட்டும் குறைகிறது. இரண்டு வழியையும் தனித்தனியே போடுங்கள்.

முதலில் கிரிட்: 0.3. மிச்ச மொத்தம் 70, அதில் வேகம் 20. 0.3 × 20/70 = 0.0857.
முதலில் வேகம்: 0.2. மிச்சம் 80, அதில் கிரிட் 30. 0.2 × 30/80 = 0.075.

கூட்டினால் 16.07%. பத்து வரிகளில் எடை சின்னச் சின்னதாகப் பரவியிருந்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும். முதலில் விழும் வரியே பெரிய எடையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதுதான் கடிக்கும்.

கேள்வி: நாலு வரி, அஞ்சு அப்கிரேடு, ஒவ்வொண்ணும் சம வாய்ப்புல ஏதோ ஒரு வரிக்குப் போகும். அஞ்சும் கிரிட்டுக்கே போக?

பதில்: 1024-இல் ஒன்று. அதற்காகக் காத்திருப்பது வீண் வேலை. உங்களுக்குப் பயன்படுவது இரண்டு வரி என்றால், ஐந்தும் அந்த இரண்டுக்குள் விழ 32-இல் ஒன்று. குறைந்தது நான்கு விழ 6/32, அதாவது 18.75%. எதை ஏற்றுக்கொள்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் சான்ஸ் கேட்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று பாருங்கள்: 1 முதல் 100 வரை ரோலாகும் இரண்டு ஸ்டாட்டும் தனித்தனியே 90-க்குக் குறையாமல் வேண்டும் என்றால் 1.21%. (90 முதல் 100 வரை 11 எண்கள், பத்து அல்ல.) கூட்டுத்தொகை 180 போதும் என்றால் 2.31%. பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தியதும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

கேள்வி: 10–20 ரேஞ்சுல 10, 20 ரெண்டும் மத்த எண்ல பாதிதான் வருது. ஏமாத்தறாங்களா?

பதில்: பெரும்பாலும் ரவுண்டிங் வேலை. தசம எண்ணாக உருட்டிவிட்டு அருகிலிருக்கும் முழு எண்ணுக்கு மாற்றினால், 15-க்கு 14.5 முதல் 15.5 வரை முழு இடம், 20-க்கு 19.5 முதல் 20 வரை அரை இடம்தான். ஓரங்கள் 5%, நடுவில் 10%. முழு எண்ணாகவே உருட்டியிருந்தால் பதினொன்றுக்கும் தலா 9.09%.

கேள்வி: டோட்டா 2 கேம்ல 25% கிரிட் ஏன் அடுத்தடுத்து விழறதே அபூர்வமா இருக்கு?

பதில்: அது தனித்தனி குலுக்கல் இல்லை. சுமார் 8.5%-இல் தொடங்கி, தவறும் ஒவ்வொரு அடிக்கும் அதே அளவு ஏறி, விழுந்ததும் மறுபடி கீழே இறங்கும். நீண்ட ஓட்டத்தில் சராசரி 25%.

கேள்வி: 300 தடவை ஓட்டியும் ஒண்ணும் வரல. 1%ங்கிறது பொய்னு சொல்லலாமா?

பதில்: சந்தேகப்படலாம், அடித்துச் சொல்ல முடியாது. ஒன்றுமே வராதபோது 3-ஐ முயற்சி எண்ணிக்கையால் வகுங்கள்: 3/300 = 1%. நிஜ ரேட் அதற்குள் இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். நீங்கள் சரியாக அந்த எல்லையில் நிற்கிறீர்கள். 500-இல் 7 வந்தவரும் "1.4%" என்று அடம்பிடிக்கக் கூடாது, அவருடைய எல்லை ஏறக்குறைய 0.7 முதல் 2.9 வரை. கிடைத்தவர் மட்டும் ஸ்கிரீன்ஷாட் போடும் பட்டியலிலிருந்து ரேட் எடுப்பதை அறவே விடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் கையால போட முடியல சார். சிமுலேஷன் (கம்ப்யூட்டர்ல குலுக்கிப் பாக்கறது) எத்தனை தடவை ஓட்டணும்?

பதில்: வெற்றிகள் எத்தனை விழுகின்றன என்பதுதான் கணக்கு. 1024-இல் ஒன்றை ஒரு லட்சம் முறை ஓட்டினால் 98 வெற்றி வரும், பிசகு பத்து சதவீதம். ஒரு கோடி ஓட்டினால் ஒரு சதவீதம். ஆனால் முதலில் மேலே உள்ள 50, 30, 20 டேபிளை உங்கள் புரோகிராமில் போட்டுப் பாருங்கள். 16.07-க்குப் பதில் 12 வந்தால், விழுந்த வரியை டேபிளிலிருந்து நீக்க மறந்திருக்கிறீர்கள்.