வீட்டில் ஜெர்மன் லாகர்?

கேள்வி: பெங்களூருக் குளிரில் ஜெர்மன் லாகர் பீரைப் பழைய முறையில் வீட்டிலேயே காய்ச்சலாமா? (வாசகர், அல்சூர்)

பதில்: வேண்டாம், உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைக் கர்நாடக கலால் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் அந்த முறை அருமையானது. வெந்நீரில் ஊறும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கூழில் சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவைத்து மறுபடி அதிலேயே ஊற்றுவார்கள், தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் சூட்டைப் படிப்படியாக ஏற்ற அது நல்ல வழி, அப்புறம் அந்தக் கொதியில் ரொட்டி மேலோட்டின் மணமும் சேரும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். லாகர் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியில் மெதுவாக நொதிக்கும், பிறகு பீர் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். நம்ம ஊர் ஜனவரிக்கே அது முடியாது, குளிர்பதனத் தொட்டி கட்டாயம். அவசரப்பட்டு இறக்கினால் வெண்ணெய் வாடை தங்கிவிடும்.