தண்ணீரின் வயதைச் சொல்லும் லேசர்

கேள்வி: எகிப்தின் மேற்குப் பாலைவனத்து நிலத்தடி நீருக்குப் பத்து லட்சம் ஆண்டு வரை வயது உண்டு என்று படித்தேன். தண்ணீரின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? கார்பன் முறையா? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: கார்பன்-14 இங்கே உதவாது. அதன் அரை ஆயுள் (அணுக்களில் பாதி சிதைந்து தேய ஆகும் காலம்) 5,730 ஆண்டுகள்தான் என்பதால், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளைத் தாண்டிய நீரில் அளப்பதற்கு அது மிஞ்சியிராது. அந்தப் பாலைவன நீரின் வயதைச் சொன்னது கிரிப்டான்-81. வளிமண்டலத்தில், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மோதுவதால் உண்டாகும் இந்த ஐசோடோப்பின் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணு வகையின்) அரை ஆயுள் சுமார் 2,30,000 ஆண்டுகள். மழைநீரில் கரைந்து நிலத்துக்குள் இறங்கியபின் காற்றோடு அதற்குத் தொடர்பு அற்றுப்போகிறது. அன்று முதல் அது தேய்ந்துகொண்டே வருகிறது. பத்து லட்சம் ஆண்டு கழித்தும் தொடக்கத்தில் இருந்ததில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். மந்த வாயு என்பதால் பாறையோடு அது வினைபுரிவதில்லை. இதனாலேயே நிலத்தடி நீருக்கு இதைவிட நம்பகமான கடிகாரம் கிடைப்பது அரிது என்று கருதுகிறேன்.

எண்ணுவதுதான் கடினம். ஒரு லட்சம் கோடி கிரிப்டான் அணுக்களில் கிரிப்டான்-81 ஒன்றுக்கு மேல் இராது; இன்றைய நீர் ஒரு லிட்டரில்கூட அவை ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். அவற்றை எண்ணத்தான் லேசர்.

கேள்வி: அணுக்களை எடை பார்த்துப் பிரிக்கும் நிறைநிறமாலைமானி இருக்கும்போது லேசர் எதற்கு?

பதில்: புரோமின்-81 என்ற நிலையான அணுவுக்கும் நிறையெண் 81 என்பதால், நிறையை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாடு, பெரிய துகள்முடுக்கியின் துணை அதற்குத் தேவைப்பட்டது. லேசரோ அணு எந்த ஒளியை உட்கொள்கிறது என்று பார்க்கிறது. நியூட்ரான் எண்ணிக்கை மாறினால் அணுக்கருவின் நிறையும் அளவும் சற்றே மாறி, அணு உட்கொள்ளும் ஒளியின் அதிர்வெண்ணும் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு அளவுக்கு விலகும். லேசரைத் துல்லியமாக அந்த அதிர்வெண்ணிலேயே நிறுத்த முடியும்.

ஆனால் ஒரே ஒருமுறை ஒளியை உட்கொண்டது மட்டும் போதிய சான்றாகாது, ஏனெனில் அண்டை ஐசோடோப்புகளும் எப்போதாவது அப்படிச் செய்துவிடும். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தில் செங்-தியன் லூவும் அவருடைய குழுவினரும் 1999-இல் அறிவித்த முறையின் அழகு இங்கேதான் இருக்கிறது. முதலில் மின்னிறக்கத்தால் கிரிப்டான் அணுக்களை நீடித்த கிளர்ச்சி நிலைக்கு (கூடுதல் ஆற்றலோடு சற்று நேரம் நிலைத்திருக்கும் நிலைக்கு) உயர்த்தி, பிறகு 811 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரால் அவற்றின் வேகத்தைக் குறைத்து, காந்தப்புலமும் லேசர்க் கதிர்களும் சேர்ந்து அமைக்கும் பொறியில் பிடிக்கிறார்கள். பொறியில் தங்க வேண்டுமானால் ஓர் அணு இடைவிடாமல், ஆயிரமாயிரம் முறை அதே ஒளியை உட்கொண்டு உமிழ வேண்டும். கிரிப்டான்-81 தவிர வேறெதனாலும் அது இயலாது. சிக்கிய அணு தனியொன்றாக ஒளிர்வதைக் கேமரா பதிவு செய்ய, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். லேசரால் அணுக்களைக் குளிர்விக்கும் முறைக்காகவே 1997-இன் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

2004-இல் வெளியான எகிப்து ஆய்வுக்குப் பல டன் நீரிலிருந்து வாயுவைப் பிரிக்க வேண்டியிருந்தது. 2012 அளவில் 100 முதல் 200 கிலோ நீரே போதும் என்ற நிலை வந்தது. அண்டார்டிகாவின் டெய்லர் பனியாற்றில் சுமார் 1,20,000 ஆண்டு பழைய பனிக்கு வயது கணித்ததும் இந்த முறையில்தான்.

கேள்வி: மாதிரி எடுக்கும்போது இன்றைய காற்று கலந்துவிட்டால் கணக்குத் தவறாதா?

பதில்: தவறும், நீர் உண்மையைவிட இளமையாகத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வெளியேறும் கிரிப்டான்-85 இன்றைய காற்றில் பரவியிருக்கிறது. அதன் அரை ஆயுள் 11 ஆண்டுக்கும் குறைவு என்பதால், பழைய நீரில் அது இருக்க வாய்ப்பே இல்லை. லேசரின் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தினால் அதே கருவி கிரிப்டான்-85 அணுக்களையும் எண்ணிவிடும். மாதிரியில் அது தென்பட்டால், எவ்வளவு புதுக்காற்றோ புதுநீரோ கலந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அந்தப் பங்கைக் கழித்த பிறகே வயதை அறிவிக்கிறார்கள்.