கதைகளில் வரும் குடும்பங்களில் பணம் யார் கைவசம் இருக்கிறது?

‘வறுமை வந்தால் பாசம் போய்விடும் என்றுதான் பெரும்பாலான கதைகள் சொல்கின்றன; நல்ல இலக்கியம் அதற்கு மேல் ஏதாவது சொல்கிறதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறது என்பதே பல ஆண்டுகளாக இத்தகைய கதைகளைத் திரும்பத் திரும்ப வாசித்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம். ஒரு வீட்டில் பணம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதைச் சம்பாதிப்பவர் யார், கைவசம் வைத்திருப்பவர் யார், அந்த இருவரும் ஒருவர்தானா என்பதை நல்ல எழுத்தாளர்கள் மிகக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். உறவு எந்த இடத்தில் இளகுகிறது, எந்த இடத்தில் இறுகுகிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரிகிறது.

முதலில் ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் ‘உருமாற்றம்’ குறுநாவலை எடுத்துக்கொள்கிறேன். 1915இல் வெளிவந்த இக்கதையைப் பற்றிப் பேசுவோரில் பலர், கிரெகோர் சாம்சா ஒரு காலையில் பூச்சியாக விழித்தெழுந்தான் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது ஒரு சம்பளக்காரனின் வீட்டுக் கதை. அப்பாவின் தொழில் நொடித்துப்போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கிரெகோர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் முதலாளிக்கே அவன் பெற்றோர் கடன்பட்டிருக்கிறார்கள். அந்தக் கடனை அடைப்பதற்காகவே அவன் துணி மாதிரிகளைச் சுமந்துகொண்டு ரயில் ரயிலாக ஏறி இறங்குகிறான். தொடக்கத்தில் அவன் பணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது வீடே வியந்து மகிழ்ந்திருக்கிறது. பிறகு கொடுப்பது அவனுக்கும் வாங்கிக்கொள்வது அவர்களுக்கும் பழகிவிடுகிறது. நன்றி இருக்கிறது, பழைய நெருக்கம் மட்டும் திரும்பி வருவதில்லை.

இரண்டாம் பகுதியில் ஓர் இடம் வருகிறது. கிரெகோர் உருமாறிய பின், அப்பா வீட்டின் வரவு செலவை மனைவிக்கும் மகளுக்கும் விளக்குகிறார். தொழில் நொடித்தபோது காப்பாற்றி வைத்திருந்த சிறிய இரும்புப் பெட்டியைத் திறந்து, பழைய பணம் கொஞ்சம் மிச்சம் இருப்பதையும், மகன் மாதாமாதம் கொடுத்ததில் செலவாகாமல் ஒரு தொகை சேர்ந்திருப்பதையும் சொல்கிறார். கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கேட்கிற கிரெகோருக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் பணத்தைக் கொண்டு கடனைச் சீக்கிரம் அடைத்து வேலையை விட்டிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றுகிறது. அடுத்த கணமே, அப்பா செய்ததுதான் நல்லது என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். மகன் விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த அத்தனை காலமும் அப்பா செய்தித்தாளோடு மணிக்கணக்கில் காலை உணவு அருந்திக்கொண்டிருந்தார் என்பதையும், அந்தப் பெட்டி அவரிடமே இருந்தது என்பதையும் காஃப்கா குற்றச்சாட்டாக எழுதாமல் தகவலாக மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சம்பாதித்தவன் மகன், வைத்திருந்தவர் தந்தை. எத்தனை முறை வாசித்தாலும் அந்தப் பக்கத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

அதன்பின் குடும்பத்தின் வரிசையே மாறுகிறது. அப்பா வங்கியில் ஏவலராகச் சேர்ந்து, பொன்னிறப் பொத்தான்கள் வைத்த சீருடையை வீட்டிலும் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். தங்கை கடையில் விற்பனைப் பெண் ஆகிறாள். அறை ஒன்றை மூன்று பேருக்கு வாடகைக்கு விட்டதும் குடும்பத்தினர் சமையலறையில் சாப்பிட, முன்பு குடும்பம் அமர்ந்திருந்த மேசையில் வாடகைக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். அண்ணனை ஒழித்தாக வேண்டும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்வது, அவனுக்குச் சாப்பாடு வைத்துவந்த அந்தத் தங்கைதான். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சம்பளத்துக்குப் போய்க் களைத்துத் திரும்புகிறவளாக அவள் மாறியிருக்கிறாள் என்பதைக் கதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

இதை நான் என் வீட்டிலும் கண்டிருக்கிறேன். அப்பா வேலை இழந்து வீட்டில் இருந்த காலத்தில், அக்கா வேலைக்குப் போகத் தொடங்கினாள். நாங்கள் எதையாவது கேட்டால் “அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ” என்று சொல்லிவந்த அம்மா, எப்போது என்று யாருக்கும் தெரியாமலேயே “அக்கா வரட்டும்” என்று சொல்லத் தொடங்கினார். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. ஆனாலும் அப்பா அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அக்காவின் சம்பளமோ முழுதாக அம்மாவிடம் போனது; அவள் தன் பேருந்துக் காசை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவாள்.

சம்பாதிக்கும் மகளின் நிலையை வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் 1960இல் எடுத்த ‘மேகே டாக்கா தாரா’ படத்தைவிடக் கடுமையாகச் சொன்ன படைப்பை நான் பார்த்ததில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து கல்கத்தாவின் ஓரத்தில் குடியேறிய குடும்பம் அது. மூத்த மகள் நீதாவின் வருமானத்தில்தான் அடுப்பு எரிகிறது. அவள் திருமணமாகிப் போய்விட்டால் வீட்டின் கதி என்ன என்ற பயத்தில், அவள் விரும்பியவன் இளைய மகளின் பக்கம் சாய்வதை அம்மா தடுக்காமல் இருந்துவிடுகிறாள். அந்தத் தாய் மகளை வெறுப்பவள் அல்லள்; மகளை நம்பியிருப்பவள். நம்பியிருப்பவரின் அன்பில் பயம் கலந்துவிடும்போது அது எவ்வளவு கொடுமையாகச் செயல்படும் என்பதைக் கட்டக் தயங்காமல் காட்டுகிறார். நம் ஊரில் கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) இதே தளத்தில் நிற்கும் படம். வேலைக்குப் போகும் பெண்கள் இன்றும் அதை நினைவுகூர்வதற்குக் காரணம் இருக்கிறது.

வறுமையை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வசதியுள்ள வீட்டைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை முழுமையாகாது. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவல் (1811) இரண்டாம் அத்தியாயத்திலேயே இதைச் செய்து முடித்துவிடுகிறது. சொத்து ஜான் டாஷ்வுட்டுக்குப் போகிறது; சிற்றன்னையும் அவருடைய மூன்று பெண்களும் குறைந்த வருமானத்தில் நிற்கிறார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்வதாக இறக்கும் தறுவாயில் இருந்த தந்தைக்கு ஜான் வாக்குக் கொடுத்திருக்கிறார். தங்கைகளுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு வீதம் 3,000 கொடுப்பது என்று தாமாகவே முடிவு செய்கிறார். மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். தொகை ஆளுக்கு 500 ஆகிறது. பிறகு சிற்றன்னைக்கு மட்டும் ஆண்டுக்கு 100 என்றாகிறது. ஆண்டுத்தொகை வாங்குகிறவர்கள் சாவதே இல்லை என்று ஃபேனி சொன்னதும், அவ்வப்போது ஒரு 50 பவுண்டு என்று சுருங்குகிறது. கடைசியில், வீடு மாறும்போது சாமான் ஏற்ற உதவி செய்வதும், பருவத்துக்கேற்ப மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்புவதும் போதும் என்று முடிகிறது. போதாததற்கு, சிற்றன்னை எடுத்துச் செல்லப்போகும் பீங்கான் காலையுணவுச் சாமான்கள் தன் வீட்டில் உள்ளவற்றைவிட அழகானவை என்று ஃபேனி மனம் புழுங்குகிறாள்.

அந்த உரையாடல் முழுவதிலும் ஒரு கடுஞ்சொல் கூட இல்லை. பாகப்பிரிவினைப் பேச்சைக் கேட்டிருக்கிற எந்தத் தமிழ் வாசகருக்கும் அதன் தொனி அந்நியமாகத் தோன்றாது. நம் வீட்டுக் கூடங்களிலும் ‘அவங்களுக்கு என்ன குறைச்சல்?’ என்ற ஒரு கேள்வியில் தொடங்கித்தான் பங்கு கரைகிறது. இங்கே உறவை அறுத்தது இல்லாமை அல்ல. கொடுக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருந்ததுதான்.

இனி, ஒன்றுமே இல்லாத வீடு. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் கடைசிக் காலக் கதையான ‘கஃபன்’ (பிணத்துணி) உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குச் சான்றுபோலத் தோன்றும். குடிசைக்குள் மருமகள் புதியா பிரசவ வேதனையில் துடிக்க, மாமனார் கீசுவும் கணவன் மாதவும் வெளியே உருளைக்கிழங்கு சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த நேரத்தில் அப்பா பெரும்பங்கைத் தின்றுவிடுவாரோ என்று மாதவ் எழுந்திருக்க மறுக்கிறான். காலையில் அவள் இறந்து கிடக்கிறாள். பிணத்துணிக்காக ஊரில் திரட்டிய பணத்தில் இருவரும் குடிக்கிறார்கள். இவர்களை மனிதத்தன்மை அற்றவர்கள் என்று எழுதி முடித்திருக்கலாம். பிரேம்சந்த் அப்படி விடவில்லை. இரவும் பகலும் பாடுபடுகிற உழவர்களின் நிலையும் இவர்கள் நிலையைவிட அதிகம் மேலாக இல்லாத ஊரில், இப்படிப்பட்ட மனம் உருவாவதில் வியப்பில்லை என்று கதைக்குள்ளேயே சொல்கிறார். மேலும் ஒன்றைக் கவனியுங்கள். மாவரைத்தும் புல் அறுத்தும் அந்த இருவரின் வயிற்றையும் நிரப்பிவந்தவள் புதியாதான். அவள் உழைப்பு வருமானமாக எண்ணப்படவே இல்லை. அதனால் அவளுக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் பிறக்கவில்லை.

அதே இல்லாமையில் வேறு விதமாக வாழ்ந்த வீட்டைப் புதுமைப்பித்தன் ‘செல்லம்மா’ளில் எழுதியிருக்கிறார். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. உறவினர்கள் பல நூறு மைல் தள்ளி இருக்கிறார்கள். நோயாளியான மனைவிக்கு வேண்டியதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போய், இரவில் திரும்பி வந்து அவரே அடுப்பு மூட்டுகிறார். பொங்கலுக்குப் புடவை எடுக்க வேண்டும் என்பதும், ஊருக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்பதும் அந்த வீட்டில் எட்டாத பேச்சுகள். அவள் இறந்தபோது அவர் கதறி அழவில்லை. வெந்நீர் வைத்து அவள் உடலைக் குளிப்பாட்டுகிறார். அவருடைய சலிப்பையும் புதுமைப்பித்தன் மறைக்கவில்லை, அன்பையும் பெரிதுபடுத்தவில்லை. இருவரிடமும் ஒன்றுமில்லாததால் ஒருவர் மற்றவருக்கு மேலே நிற்க அங்கே வழியே இல்லை என்று நான் வாசிக்கிறேன். வறுமையைப் புனிதமாக்கும் எத்தனையோ கதைகள் நம்மிடம் உண்டு. இந்தக் கதை அவற்றில் ஒன்று அல்ல என்பதாலேயே இதை நம்புகிறேன்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், ‘செல்லம்மா’ளையும் ‘கஃப’னையும் அடுத்தடுத்து ஒரே நாளில் வாசிக்கச் சொல்வேன். இரண்டும் சிறுகதைகள், இரண்டிலும் ஒரு மனைவி இறக்கிறாள், இரண்டு வீட்டிலும் காசில்லை. அவ்வளவு ஒற்றுமை இருந்தும் அந்த இரண்டு கணவன்மார்களும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதற்கு உங்கள் விடை என் விடையிலிருந்து மாறுபட்டால், அதை இங்கேயே எழுதுங்கள். வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.