மே விடுமுறையில் சேலத்தில் 150 மணி நேரம் சேவை செய்தால் ஐபி டிப்ளமாவின் சிஏஎஸ் முடிந்துவிடுமா?

வெளியூர் விடுதியில் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) டிப்ளமா முதல் வருஷம் படிக்கும் மகன் மே மாதம் வீட்டுக்கு வருகிறான், ஏற்காட்டில் மரம் நட்டு சிஏஎஸ்ஸின் 150 மணி நேரத்தையும் முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாதுங்க. 150 மணி நேரம் பழைய விதி. இப்போது மணிக்கணக்கே கிடையாது. சிஏஎஸ் என்றால் படைப்பு, உடலியக்கம், சேவை. இந்த மூன்றும் 18 மாதம் தொடர்ந்து நடக்க வேண்டும். மதிப்பெண் இல்லைதான், ஆனால் இதில் தேறாவிட்டால் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் டிப்ளமா வராது.

விடுமுறையில் கூட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கலாம். அது குறைந்தது ஒரு மாதம் ஓட வேண்டும். முன்கூட்டியே பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் மே மாதத்தில் மரம் நட வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் நட்ட கன்று ஒரு வாரம் தண்ணீர் தவறினாலே காய்ந்துவிடும். ஏற்காடு மலைப்பாதை ஓரம் காப்புக்காடு வேறு. வனத்துறை அனுமதியில்லாமல் குழி தோண்டக் கூடாது.

அதற்குப் பதில் நடுவதற்கான கன்றுகளை வளர்க்கட்டும். முதலில் பக்கத்து அங்கன்வாடிக்குப் போய், நிழல் எங்கே வேண்டும், லீவில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்க வேண்டும். ஆய்வு என்று சிஏஎஸ்ஸில் சொல்லும் முதல் கட்டம் இதுதான். பிறகு இரண்டு மூன்று நண்பர்களோடு சாலையோரப் புங்கமரத்தடியில் முற்றிய காய் பொறுக்கி, வண்டு துளைக்காத விதையாக எடுத்து இரவு ஊறவைக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய சாணி எரு ஒன்று. இந்தக் கலவையை நாற்றுப் பைகளில் நிரப்பி, பைக்கு ஒரு விதை, விரல்கணு ஆழம். இரண்டு வாரத்தில் முளைக்கும். பையின் அடியில் ஓட்டை போடாவிட்டால் நீர் தேங்கி வேர் அழுகும். மாதம் ஒருமுறை பையை நகர்த்தி வைக்காவிட்டால் ஆணிவேர் தரையில் இறங்கிவிடும், தூக்கும்போது அறுந்துபோகும். வளர்ந்த கன்றை அங்கன்வாடியில் ஒன்றரை அடிக் குழியில் ஐப்பசி மழைக்கு நடலாம். ஜூனுக்குப் பிறகு உள்ளூர் நண்பர்கள் தண்ணீர் ஊற்றட்டும், மகன் வாராவாரம் பேசிப் பதிவு எழுதட்டும். கூலிக்கு ஆள் வைத்தால் அது அவன் சேவை ஆகாது.

பதிவில் "மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதினால் நிற்காது. நாற்பது விதை போட்டால் அதில் எத்தனை முளைக்கவில்லை, ஏன், அடுத்து எதை மாற்றினான் என்று தேதியோடு எழுத வேண்டும். சிஏஎஸ் எதிர்பார்க்கும் ஏழு கற்றல் விளைவுகளுக்கும் பள்ளியில் சான்று கேட்பார்கள், மூன்று முறை நேர்காணல் உண்டு.

காசுள்ள பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் என்று சிலர் சொல்வீர்கள். புங்கன் விதைக்குக் காசில்லை. அரசுப் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமில் ஏழு நாள் சாக்கடை தூர்வாருகிறார்கள். அதில் என்ன கற்றாய் என்று அவர்களை யாரும் உட்காரவைத்துக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.