நனைந்த தோள்பையின் நாற்றம் போக

கேள்வி: ஆனி மாதம் மூணாறு பக்கம் மூன்று நாள் மலையேறிவிட்டு, மழையில் நனைந்து திரும்பினேன். வந்த அலுப்பில் தோள்பையையும் கூடாரத்தையும் அப்படியே பரணில் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது இரண்டும் நாறின. வாசனைத் திரவியம் அடித்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: முதலில் வாசனைத் திரவியத்தை நிறுத்துங்கள், அது நாற்றத்தைப் போக்காது, அதனுடன் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். புதிதாகச் சுரக்கும் வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிரிகளே நாற்றத்தை உண்டாக்குகின்றன என்பதால், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஊறிய தோள்வார்களையும் முதுகுப் பக்கத்து மெத்தையையும்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

பையைக் காலிசெய்து, உள்ளிருக்கும் மணலையும் சருகையும் உதறிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு மென்மையான சோப்பைக் கரைத்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, நாறும் இடங்களில் அரை மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். சலவை இயந்திரத்தில் போட்டால் உட்பூச்சு உரியக்கூடும். பிளீச்சிங் பவுடரை வினிகருடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள்; நச்சு வாயு கிளம்பும்.

நம் குமரி மாவட்டத்தில் கழுவுவதைவிடக் காயவைப்பதே கடினம். ஆனி, ஆடிச் சாரல் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. கடும் வெயில் நைலானை நலியச் செய்யும் என்பதால், ஜிப்புகளைத் திறந்து பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நிழலிலோ மின்விசிறிக்கு அடியிலோ இரண்டு நாள் விடுங்கள். மெத்தைக்குள் சற்று ஈரம் தங்கினாலும் நாற்றம் திரும்பிவிடும்.

கூடாரத்தை விரித்துத் தொட்டுப் பாருங்கள். கரும்புள்ளிகள் மட்டும் இருந்தால் அது பூஞ்சணம். அதே வினிகர் நீரால் வாடை பெரும்பாலும் போகும், கறை போகாமலும் இருக்கலாம். தரைப்பகுதி பிசுபிசுத்து வாந்தி போலப் புளித்து நாறினால், பாலியூரித்தேன் பூச்சே ஈரத்தில் சிதைந்துவிட்டது என்று பொருள். அதற்கு எந்தக் கழுவலும் உதவாது. அந்தக் கூடாரத்தை நம்பி இனி மழைக்காட்டுக்குப் போக வேண்டாம்.

இனிமேல் கூடாரத்தை அதன் இறுக்கமான உறையில் திணிக்காமல், பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். வீட்டில் ரப்பர் ஷீட்டோ ஒட்டுப்பாலோ (ரப்பர் மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) சேர்த்து வைக்கும் அறை இருந்தால், அந்த வாடை ஏறாமலிருக்க, தோள்பையும் கூடாரமும் அதிலிருந்து எட்டியே இருக்கட்டும்.